சுருக்கிய படமும் தொலைந்த கோடுகளும்



ஆசிரியர் ஒருவர் தாம் செய்த தவறைச் சொல்லிக் கட்டுரையைத் தொடங்குவது வழக்கமில்லை. ஆயினும் இந்தக் கட்டுரையை அப்படித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

2021ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றின் காரணமாகக் கல்லூரிகள் மூடப்பட்டிருந்தன. ஆய்வுக்கூடம் இல்லாமல் இயற்பியல் கற்பிப்பது, கிணற்றில் இறங்காமல் நீச்சல் கற்பிப்பதைப் போன்றது. எனவே, வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்றை என் மாணவர்களுக்குக் கொடுத்தேன். கிழக்கு நோக்கிய சன்னல் ஒன்றை அட்டையால் மூடி, அந்த அட்டையில் ஊசியால் ஒரு சிறு துளையிட வேண்டும். காலை வெயில் அத்துளையின் வழியே வந்து, எதிரே வைத்த தாளில் ஒரு வட்டமாக விழும். அந்த வட்டம் சூரியனின் பிம்பமே ஆகும். பிம்பத்தின் விட்டத்தையும், துளைக்கும் தாளுக்கும் இடையேயுள்ள தொலைவையும் அளந்துகொண்டால் போதும். சூரியன் நம்மிடமிருந்து சுமார் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், நீங்கள் கணக்குப் பாடத்தில் படித்த ஒத்த முக்கோணங்களின் விதியைக் கொண்டே சூரியனின் விட்டத்தைக் கண்டுபிடித்துவிடலாம். (நீங்களும் செய்து பார்க்கலாம். ஆனால் சூரியனை நேராகவோ துளையின் வழியாகவோ ஒருபோதும் பார்க்காதீர்கள். தாளில் விழும் பிம்பத்தை மட்டுமே பார்க்க வேண்டும்.)

ஒரு மாணவி இச்சோதனையை மிக அழகாகச் செய்திருந்தாள். மில்லிமீட்டர் கோடுகள் போட்ட வரைபடத்தாளை நாற்காலியின் முதுகில் ஒட்டி, துளையிலிருந்து 2 மீட்டர் தள்ளி வைத்திருந்தாள். பிம்பத்தின் விட்டம் 19 மில்லிமீட்டர். துளையின் அளவாகிய அரை மில்லிமீட்டரைக் கழித்து 18.5 மில்லிமீட்டர் என்று குறித்திருந்தாள். அதன்படி அவள் கண்ட சூரியனின் விட்டம் 13 இலட்சத்து 87 ஆயிரம் கிலோமீட்டர். நூல்களில் காணும் மதிப்பு சுமார் 13 இலட்சத்து 92 ஆயிரம் கிலோமீட்டர் ஆகும்.

விடை இவ்வளவு நெருங்கி வந்ததே எனக்கு ஐயத்தை உண்டாக்கிற்று. அவள் கைப்பேசி வழியாக அனுப்பியிருந்த புகைப்படத்தைத் திறந்து பார்த்தேன். தாளில் சென்டிமீட்டர்க் கோடுகள் தடிப்பாகத் தெரிந்தன. அவற்றின் நடுவே இருக்க வேண்டிய மில்லிமீட்டர்க் கோடுகளில் ஒன்றுகூடத் தெரியவில்லை. மங்கிய பச்சை நிறம்தான் இருந்தது. ‘கோடில்லாத தாளில் 19 மில்லிமீட்டரை எப்படி எண்ணினாய்? புத்தகத்தைப் பார்த்து எழுதிய விடை’ என்று குறிப்பெழுதி, அளவீட்டுக்குரிய மதிப்பெண்ணை அடித்துவிட்டேன்.

சில மாதங்கள் கழித்துக் கல்லூரி திறந்தது. முதல் வாரத்திலேயே அந்த மாணவி கைப்பேசியுடன் என்னிடம் வந்தாள். “சார், இந்தப் படத்தைக் கொஞ்சம் பெரிசாக்கிப் பாருங்க” என்றாள். பார்த்தேன். அதே தாள், அதே வட்டம். ஆனால் மில்லிமீட்டர்க் கோடுகள் ஒன்றொன்றாக எண்ணும்படி தெரிந்தன. எண்ணினேன், பத்தொன்பது.

கோடுகள் அவள் வீட்டில் தொலையவில்லை. என்னிடம் வந்து சேரும் வழியில் தொலைந்திருந்தன. மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. அவளைப் பார்த்து வேறு இரு மாணவர்களும் வந்தனர். தங்கள் படத்திலும் கோடுகள் இருந்தன என்று கூறினர். “மூலப் படம் எங்கே?” என்று கேட்டேன். அனுப்பிய உடனேயே, இடம் அடைக்கிறது என்று அழித்துவிட்டார்களாம். அவர்கள் கூறியது உண்மையாகவே இருக்கலாம். அதை மெய்ப்பிக்க அவர்களுக்கும் வழியில்லை. நம்புவதற்கு எனக்கும் சான்றில்லை. சோதனையை மீண்டும் செய்யச் சொல்வதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

அன்று முதல் என் மனத்தில் ஒரு கருத்து உறுதிப்பட்டிருக்கிறது. படத்தைச் சுருக்கி அனுப்புவது தவறன்று. பல வேளைகளில் அது கடமையுங்கூட. எதை இழக்கிறோம் என்று அறியாமல் சுருக்குவதும், சுருக்கிய பின் மூலப் படத்தை அழித்துவிடுவதுமே தவறு. இக்கருத்தை நீங்கள் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. சுருக்கம் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை முதலில் காண்போம்; பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

எண்களால் ஆன படம்

1957ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் என்ற அறிஞர், மூன்று மாதக் குழந்தையான தம் மகனின் புகைப்படத்தைக் கணிப்பொறிக்குள் செலுத்தினார். அகலத்தில் 176, உயரத்தில் 176 என்ற கணக்கில் அந்தப் படம் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. மொத்தம் 30,976 கட்டங்கள். இத்தகைய கட்டம் ஒவ்வொன்றையும் ‘பிக்சல்’ என்பர். நாம் படப்புள்ளி என்று அழைப்போம்.

இன்று உங்கள் வீட்டிலுள்ள கைப்பேசியின் 12 மெகாபிக்சல் படத்தில் அகலவாக்கில் 4000, உயரவாக்கில் 3000 என மொத்தம் 1 கோடியே 20 இலட்சம் படப்புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று மூன்று எண்கள் வேண்டும். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். அதைக் குறிக்க ஒரு பைட் இடம் தேவை. ஆக, ஒரு படத்துக்கு 3 கோடியே 60 இலட்சம் பைட்டுகள், அதாவது 36 மெகாபைட் தேவைப்படும்.

ஆனால் உங்கள் கைப்பேசியில் அந்தப் படத்தின் அளவைப் பார்த்தால், பெரும்பாலும் 3 முதல் 5 மெகாபைட் என்றுதான் இருக்கும். மீதி எங்கே போயிற்று? நீங்கள் படத்தைத் தொடுவதற்கு முன்பே கைப்பேசி அதை ஒருமுறை சுருக்கிவிட்டது! எனவே, மூலப் படம் என்று நாம் கூறுவதும் முழுமையான மூலம் அன்று. ஆயினும் அந்த முதற் சுருக்கம் மிகவும் கவனமாகச் செய்யப்படுவது; அதில் இழப்பு குறைவு. தொல்லை அடுத்த சுருக்கத்தில்தான் தொடங்குகிறது.

அளவைக் குறைத்தல்

படத்தைச் சிறிதாக்க இரண்டு வழிகள் உள்ளன. இவ்விரண்டையும் பலரும் ஒன்றென்று எண்ணிக் குழம்புகின்றனர். முதலாவது, படப்புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. இரண்டாவது, புள்ளிகளின் எண்ணிக்கையை மாற்றாமல், அவற்றின் விவரத்தைச் சுருக்கி எழுதுவது.

முதல் வழியை எடுத்துக்கொள்வோம். 4000க்கு 3000 என்றிருந்த படத்தை 1600க்கு 1200 ஆக்குவதாகக் கொள்வோம். புதிய படத்தில் 19 இலட்சத்து 20 ஆயிரம் புள்ளிகளே இருக்கும். பழைய படத்தின் ஆறேகால் புள்ளிகள் சேர்ந்து புதிய படத்தில் ஒரு புள்ளி ஆகிவிடும். அந்த ஆறேகால் புள்ளிகளுக்குள் இருந்த வேறுபாடுகள் சராசரியில் கரைந்து போகின்றன.

என் மாணவியின் கோடுகளுக்கு நேர்ந்ததை இப்போது கணக்கிட்டுப் பார்க்கலாம். சோதனை அமைப்பு முழுவதும் தெரிய வேண்டும் என்று நான் சொல்லியிருந்ததால், அவள் சற்றுத் தள்ளி நின்று படமெடுத்திருந்தாள். படத்தின் அகலத்தில் ஏறத்தாழ ஒரு மீட்டர் அடங்கியிருந்தது. ஒரு மீட்டர் என்பது 1000 மில்லிமீட்டர். அதற்கு 4000 புள்ளிகள். எனவே, ஒரு மில்லிமீட்டருக்கு 4 புள்ளிகள் கிடைத்தன. கோட்டுக்கு ஒரு புள்ளி, இடைவெளிக்கு மூன்று புள்ளி என்று வைத்துக்கொண்டால் கோடுகளை எண்ணிவிடலாம்.

நாங்கள் பயன்படுத்திய செய்திச் செயலி அப்படத்தின் அகலத்தைத் தானாகவே 1600 புள்ளிகளாகக் குறைத்திருந்தது. இப்போது ஒரு மில்லிமீட்டருக்கு 1.6 புள்ளிகளே உள்ளன. ஒரு கோட்டையும் அதன் அருகிலுள்ள இடைவெளியையும் பிரித்துக் காட்டக் குறைந்தது இரண்டு புள்ளிகளாவது வேண்டும் அல்லவா? இரண்டுக்குக் கீழே போய்விட்டால் கோடு என்ற ஒன்றைப் படத்தில் எழுதவே முடியாது. இதனால்தான் மில்லிமீட்டர்க் கோடுகள் ஒருசேர மறைந்தன. பத்து மில்லிமீட்டருக்கு ஒருமுறை வரும் தடித்த கோட்டுக்கு 16 புள்ளிகள் இடமிருந்ததால் அது மட்டும் தப்பிப் பிழைத்தது. என் கண்ணில் குறையில்லை. மாணவியின் நேர்மையிலும் குறையில்லை. எண்ணிக்கை போதவில்லை, அவ்வளவே.

விவரத்தைச் சுருக்குதல்

இரண்டாவது வழி இன்னும் சுவையானது. வீணையின் ஒரு தந்தியை மீட்டினால் எழும் ஒலியில் அடிப்படைச் சுரமும், அதன் மேற்சுரங்களும் கலந்திருக்கின்றன என்று ஒலியியல் பாடத்தில் படிப்பீர்கள். எத்தகைய சிக்கலான அலையையும் எளிய அலைகளின் கூட்டாக எழுதலாம் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியர், வெப்பத்தைப் பற்றி 1822இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஒலிக்குப் பொருந்தும் இக்கருத்து படத்துக்கும் பொருந்தும். வானம் போல மெதுவாக மாறும் பகுதியை நீண்ட அலை என்றும், தலைமயிர், புல் நுனி, மெல்லிய கோடு போன்று விரைந்து மாறும் பகுதியைக் குறுகிய அலை என்றும் கொள்ளலாம்.

இதற்கேற்ற கணித முறையை உருவாக்கியவர் நசீர் அகமது. 1940இல் பெங்களூரில் பிறந்த இவர், அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, 1972இல் இந்த ஆய்வுக்கு நிதியுதவி வேண்டி அந்நாட்டின் தேசிய அறிவியல் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். உதவி கிடைக்கவில்லை. ஆயினும் அவர் அதைக் கைவிடவில்லை. டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் இணைந்து 1974 சனவரியில் தம் முறையை வெளியிட்டார். பிரிநிலைக் கொசைன் உருமாற்றம் என்று அதனைக் கூறலாம். 1992இல் வெளிவந்த ‘ஜேபெக்’ என்னும் படத் தரநிலைக்கு அதுவே அடித்தளமாயிற்று. நாம் இன்று பகிரும் புகைப்படங்களில் பெரும்பகுதி இந்த ஜேபெக் வகையைச் சேர்ந்தவையே.

அது வேலை செய்யும் விதம் இது. படம் 8க்கு 8 என்ற சிறு சதுரங்களாக வெட்டப்படுகிறது. ஒரு சதுரத்தில் 64 புள்ளிகள். அந்த 64 எண்களுக்குப் பதிலாக, 64 அலைகளில் ஒவ்வொன்றும் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைக் குறிக்கும் 64 புதிய எண்கள் கணக்கிடப்படுகின்றன. இதுவரை இழப்பு ஏதும் இல்லை. கடைக்காரர் சில்லறையை விட்டுவிட்டு முழு ரூபாயாகக் கணக்கு முடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த படியில் அதுதான் நடக்கிறது. ஒவ்வோர் எண்ணையும் ஒரு குறிப்பிட்ட வகு எண்ணால் வகுத்து, அருகிலுள்ள முழு எண்ணாக்கிவிடுகிறார்கள். நீண்ட அலைகளுக்குச் சிறிய வகு எண். குறுகிய அலைகளுக்குப் பெரிய வகு எண்.

எடுத்துக்காட்டாக, ஒளிச்செறிவுக்கென அத்தரநிலையில் மாதிரியாகத் தரப்பட்டுள்ள அட்டவணையில் முதல் வகு எண் 16, கடைசி வகு எண் 99. ஓர் அலையின் அளவு 37 என்று கொள்வோம். அது முதல் இடத்தில் இருந்தால், 37ஐ 16ஆல் வகுக்க 2.3, அதாவது 2. படத்தைத் திறக்கும்போது 2ஐ 16ஆல் பெருக்கினால் 32 கிடைக்கும். 37க்கு 32, பரவாயில்லை. அதே 37 கடைசி இடத்தில் இருந்தால், 99ஆல் வகுக்க 0.37, அதாவது சுழி. சுழியை எதனால் பெருக்கினாலும் சுழிதான். அந்த அலை படத்திலிருந்து அறவே நீங்கிவிட்டது. இவ்வாறு 64இல் பெரும்பாலானவை சுழியாகிவிடுவதால், ‘இதற்கு மேல் எல்லாம் சுழி’ என்று ஒரே குறியீட்டில் எழுதிவிடலாம். இடம் மிச்சமாகும் இரகசியம் இதுவே.

நிறத்திலும் ஒரு தந்திரம் உண்டு. நம் கண் ஒளிச்செறிவின் நுண்ணிய வேறுபாடுகளை நன்கு காணும். நிறத்தின் நுண்ணிய வேறுபாடுகளை அந்த அளவுக்குக் காணாது. ஆகவே ஒளிச்செறிவைத் தனியாகவும் நிறத்தைத் தனியாகவும் பிரித்து, நிறத்தைப் பற்றிய விவரங்களில் பாதியையோ முக்கால் பங்கையோ விட்டுவிடுவது வழக்கம். யாரும் கண்டுகொள்வதில்லை.

கவனியுங்கள். எதை வைப்பது, எதை விடுவது என்பதற்கு இந்த முறை மனிதக் கண்ணையே அளவுகோலாகக் கொண்டிருக்கிறது. முகத்தைப் பார்த்து மகிழ்வதற்கு அது சரியான அளவுகோல். கோடுகளை எண்ணுவதற்கு அது சரியான அளவுகோலாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மங்கலான, நெருக்கமான, மெல்லிய கோடு என்பது இந்த முறையின் பார்வையில் முதலில் கைவிடத்தக்கது. எனக்கோ அதுதான் முதலில் வேண்டியதாயிருந்தது!

சுருக்கம் இல்லாமல் முடியுமா?

‘அப்படியானால் சுருக்கமே வேண்டாமே! எல்லாவற்றையும் முழுமையாக அனுப்பிவிட்டால் என்ன?’ என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விண்வெளியிலிருந்து ஒரு விடை கிடைக்கிறது.

வியாழனை ஆராய 1989 அக்டோபரில் அமெரிக்காவின் நாசா நிறுவனம் ‘கலிலியோ’ என்ற விண்கலத்தை அனுப்பிற்று. 1991 ஏப்ரலில், குடையைப் போல் விரிய வேண்டிய அதன் பெரிய ஆன்டெனா முழுமையாக விரியவில்லை. நொடிக்கு 1,34,000 பிட் வீதம் செய்தி அனுப்பியிருக்க வேண்டிய கலம், சிறிய ஆன்டெனாவை நம்ப வேண்டியதாயிற்று. பல திருத்தங்களுக்குப் பிறகும் அதிகபட்சம் நொடிக்கு 160 பிட்தான் அனுப்ப முடிந்தது. அதன் கேமராவின் ஒரு படத்தில் 800க்கு 800 புள்ளிகள். புள்ளிக்கு 8 பிட். மொத்தம் 51 இலட்சத்து 20 ஆயிரம் பிட். பெரிய ஆன்டெனா இருந்திருந்தால் 40 நொடிக்குள் வந்திருக்கும். நொடிக்கு 160 பிட் என்றால் ஏறத்தாழ 9 மணி நேரம் ஆகும்!

பொறியியலார் மனம் தளரவில்லை. படங்களைச் சுருக்கும் புதிய நிரல்களை எழுதிப் பூமியிலிருந்தே கலத்தின் கணிப்பொறிக்கு அனுப்பினர். அவர்கள் கையாண்டதும் அகமதுவின் முறையைச் சேர்ந்த ஓர் உருமாற்றமே. 1995 டிசம்பரில் வியாழனை அடைந்த அக்கலம் 2003 வரை பணியாற்றி, வியாழனையும் அதன் துணைக்கோள்களையும் பற்றி ஏராளமான செய்திகளைத் தந்தது. சுருக்கம் இல்லையேல் அப்படங்களில் பெரும்பாலானவற்றை நாம் பார்த்திருக்கவே முடியாது.

வியாழன் வரை போக வேண்டாம். உங்கள் வகுப்பையே எடுத்துக்கொள்வோம். 40 பேர் கொண்ட வகுப்புக் குழுவில் ஆளுக்கொரு படம், 4 மெகாபைட் அளவில் போடுவதாகக் கொள்வோம். ஒவ்வொருவரும் 160 மெகாபைட் பதிவிறக்க வேண்டும். வகுப்பு முழுவதற்கும் சேர்த்து 6,400 மெகாபைட். அதே படங்கள் 300 கிலோபைட் அளவில் இருந்தால், ஆளுக்கு 12 மெகாபைட் போதும். வீட்டில் ஒரே கைப்பேசியை மூன்று பேர் பகிர்ந்துகொள்ளும் நண்பன் உங்கள் வகுப்பில் இருக்கக்கூடும். அவனுடைய நாள் கணக்கிலான டேட்டாவை உங்கள் படம் தின்றுவிடக் கூடாது. எனவேதான் சுருக்கி அனுப்புவது கடமையுங்கூட என்றேன்.

முடிவு யாருடையது?

ஆகவே, சுருக்கலாமா கூடாதா என்பது கேள்வியே அன்று. எதை விட்டுவிடலாம் என்று முடிவு செய்வது யார் என்பதே கேள்வி. கலிலியோ படங்களைச் சுருக்கியவர்கள் எதை இழக்கிறோம் என்று அறிந்து சுருக்கினார்கள். நாமோ ஒரு பொத்தானை அழுத்துகிறோம். முடிவைச் செயலி செய்கிறது. அந்தச் செயலிக்குப் பிறந்தநாள் படத்துக்கும் ஆய்வுப் படத்துக்கும் வேறுபாடு தெரியாது. அதைக் குறை கூறிப் பயனில்லை. தெரிந்த நாம்தாம் முடிவு செய்ய வேண்டும். அதற்கு நான் கூறும் வழிகள் இவை.

முதலாவது, பயனை நினைத்து அளவைத் தேர்ந்தெடுங்கள். கைப்பேசித் திரையில் பார்க்க மட்டும் என்றால் நீண்ட பக்கம் 1600 புள்ளிகள் தாராளம். 6 அங்குலத்துக்கு 4 அங்குலம் அச்சுப்படம் போட வேண்டுமென்றால், அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் 1800க்கு 1200 புள்ளிகள் தேவை. அளவீடு, கையெழுத்து, பழைய ஆவணம் போன்றவையாக இருந்தால், மிக நுண்ணிய கோட்டுக்கும் இடைவெளிக்குமாகக் குறைந்தது இரண்டு புள்ளிகள், முடிந்தால் நான்கு புள்ளிகள் கிடைக்கின்றனவா என்று பாருங்கள்.

இரண்டாவது, வேண்டாத பகுதியை முதலில் வெட்டிவிடுங்கள். என் மாணவி அமைப்பு முழுவதையும் காட்டும் படம் ஒன்றும், வட்டத்தை அருகிலிருந்து காட்டும் படம் ஒன்றும் அனுப்பியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. முதலில் வெட்டுதல், அடுத்து அளவைக் குறைத்தல், கடைசியில் தரத்தைக் குறைத்தல் என்ற வரிசையே நல்லது. நாளை நீங்கள் தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கும்போது, ‘புகைப்படம் இத்தனை கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும்’ என்று கேட்பார்கள். அப்போதும் இதே வரிசை கைகொடுக்கும். 4000 புள்ளிப் படத்தின் தரத்தை மட்டும் பிழிந்து பிழிந்து குறைத்தால் முகம் சதுரம் சதுரமாகச் சிதையும். முகத்தைச் சுற்றி வெட்டி, புள்ளிகளைக் குறைத்துவிட்டால் தரத்தை அவ்வளவு குறைக்க வேண்டியிராது.

மூன்றாவது, எழுத்தும் கோடும் மட்டும் கொண்ட வரைபடங்களுக்கு ‘பிஎன்ஜி’ வகையைப் பயன்படுத்துங்கள். அது ஒரு புள்ளியையும் இழக்காமல் சுருக்கும் வகை. புகைப்படங்களுக்கு அது பெரிதாகிவிடும். வரைபடங்களுக்குச் சிறிதாகவே இருக்கும்.

நான்காவது, முழுப் படமே தேவை என்றால் பல செயலிகளில் ‘ஆவணம்’ என்ற பெயரில் அனுப்பும் வசதி உண்டு. அவ்வாறு அனுப்பினால் படம் மாறாமல் போய்ச் சேரும். ஆனால் ஓர் எச்சரிக்கை. படக் கோப்புக்குள் எடுத்த நாள், நேரம் மட்டுமின்றி, கைப்பேசியின் அமைப்பைப் பொறுத்து, எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் பதிவாகியிருக்கலாம். முழுக் கோப்பை அனுப்பும்போது அவையும் கூடவே போகும். உங்கள் வீட்டின் இருப்பிடத்தை அறிமுகமில்லாதவர்க்கு அறிவித்துவிடாதீர்கள். கேமரா அமைப்பில் இடப்பதிவை நிறுத்திவைத்தல் நலம்.

ஐந்தாவதும் முதன்மையானதும் இது: மூலப் படத்தை அழிக்காதீர்கள். சுருக்குவது எப்போதும் நகலாகவே இருக்கட்டும். படத்துக்குப் படம் அளவு மாற்றி, மீண்டும் மீண்டும் ஜேபெக்காகச் சேமிக்கும்போது இழப்பின் மேல் இழப்பு சேர்கிறது. அடுத்த நகல் வேண்டுமானால் பழைய நகலிலிருந்து எடுக்காமல் மூலத்திலிருந்தே எடுங்கள்.

‘எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள இடம் எங்கே?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எல்லாவற்றையும் வைக்கச் சொல்லவில்லை. வாழ்த்துப் படங்களும், ஒரே காட்சியைப் பத்து முறை எடுத்தவையும் போகட்டும். ஓர் ஆய்வின் சான்று, பாட்டியின் கடைசிப் படம், ஊர்க் கோயில் கல்வெட்டின் படம் என்று மீண்டும் எடுக்க முடியாதவை எத்தனை இருக்கும்? ஆண்டுக்கு நூறு என்றே வைத்துக்கொள்வோம். படத்துக்கு 4 மெகாபைட் வீதம் 400 மெகாபைட். 32 ஜிகாபைட் பென்டிரைவ் ஒன்றில் எத்தனை ஆண்டுப் படங்கள் அடங்கும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். அதில் ஒரு படி, வேறோர் இடத்தில் ஒரு படி என்று இரண்டாக வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

‘மங்கிய படத்தைத் தெளிவாக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்டனவே’ என்பது இன்னொரு கேள்வி. உண்மைதான், அவை வியக்கத்தக்க வகையில் படத்தைக் கூர்மையாக்குகின்றன. ஆனால் சுழியாகிப்போன எண்ணை எந்தச் செயலியும் மீட்க முடியாது. முன்பு பார்த்த இலட்சக்கணக்கான படங்களைக் கொண்டு, இங்கே இப்படி இருந்திருக்கலாம் என்று ஊகித்து அது வரைகிறது. என் மாணவியின் மங்கிய படத்தை அதனிடம் கொடுத்தால் அழகான கோடுகளைப் போட்டுத் தரக்கூடும். ஆனால் அவை அவள் தாளில் இருந்த கோடுகள் அல்ல. அவற்றை எண்ணி 19 என்றோ 21 என்றோ எழுதினால் அதற்கு அளவீடு என்று பெயரில்லை.

இன்றே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு வரைபடத்தாளைச் சுவரில் ஒட்டி, சற்றுத் தள்ளி நின்று படமெடுங்கள். அதை நண்பருக்கு வழக்கமான முறையில் அனுப்பி, அவருக்குப் போய்ச் சேர்ந்த படத்தையும் உங்கள் படத்தையும் அருகருகே வைத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டின் புள்ளி எண்ணிக்கையையும் கோப்பின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை அடி தள்ளி நின்றால் மில்லிமீட்டர்க் கோடுகள் மறைகின்றன என்று கண்டுபிடியுங்கள். முன்பு கூறிய ‘இரண்டு புள்ளி’க் கணக்குடன் அது ஒத்துவருகிறதா என்றும் பாருங்கள்.

நான் இப்போதெல்லாம் மாணவர்களின் படத்தில் ஏதேனும் தெரியவில்லையென்றால் மதிப்பெண்ணில் கை வைப்பதில்லை. “மூலப் படம் இருக்கிறதா?” என்றுதான் முதலில் கேட்கிறேன். இருக்கிறது என்று நீங்கள் சொல்லும்படி வைத்துக்கொள்ளுங்கள்.